அண்ணனின் பாதி

ஏப்ரன் பைக்குள் ஒளித்துவைத்திருந்த கரண்டி தொடையில் குத்தியது. டிக்கெட்டு அதைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் அறியாதவள்போல ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். ஜன்னலில் பார்ப்பதற்குப் பக்கத்து வீட்டுச் சுவரைத் தவிர எதுவும் கிடையாது.

“சுவர்ல என்ன சினிமாவா ஓடுது? கையை ஆட்டு,” என்றாள் அண்ணி.

டிக்கெட்டு கையை ஆட்டினாள். கிண்ணத்தில் கோக்கோ கலந்த மாவு, மழை நாளில் பஸ் நிலையத்துத் தரை இருக்குமே, அந்த நிறத்தில் சுழன்றது. மேசையின் அந்தப் பக்கத்தில் அண்ணியின் கிண்ணம். அதில் ஆரஞ்சுத் தோல் துருவலும் சாறும் சேர்ந்த மாவு, புதுப் பெண்போல மினுமினுத்துக்கொண்டிருந்தது. இரண்டு கிண்ணத்துக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. டிக்கெட்டின் கண்ணுக்கு அது ஒரு மைல்.

மணி பன்னிரண்டே கால். பக்கத்து அறையில் அண்ணன் காலை ஏழு மணியிலிருந்து, டிரைவிங் ஸ்கூல் வெள்ளைச் சட்டையும் நீல டையுமாக, வாழ்நாளில் முதல்முறையாக யாருக்கும் எந்த உத்தரவும் போடாமல் படுத்திருந்தார். மூன்று மணிக்கு வண்டி வரும். அதற்குள் கேக் வெந்து, ஆறி, வெட்டி, வந்தவர்கள் தின்று, ஓட்டும் போட்டு முடித்தாக வேண்டும். அதற்கெல்லாம் முன்னால் டிக்கெட்டு ஒரு திருட்டைச் செய்தாக வேண்டும். அறுபத்து மூன்று வயதில் கன்னித் திருட்டு. அதுவும் புருஷன் போய் ஐந்து மணி நேரமே ஆன ஒருத்தியிடமிருந்து.

முப்பத்தாறு வருஷம் ரயில் நிலையத்துக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து சீட்டுக் கிழித்ததால் இவள் டிக்கெட்டு. ஓய்வு பெற்ற பிறகும் யார் வீட்டுக்கு வந்தாலும் “எங்க போகணும்?” என்றுதான் வாய் திறக்கும். முப்பது வருஷம் அடுத்தவர் ஓட்டும் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துப் பிரேக் மிதித்ததால் அண்ணன் பிரேக் மாஸ்டர். அண்ணி மட்டும் பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை பார்த்தவள் என்பதால் மரியாதையாக லேப் மேடம். அவளுக்கு வேறு பட்டப்பெயர் வைக்கத் தெருவுக்குத் துணிச்சல் வரவில்லை.

இந்தத் தம்பதிக்குப் பிள்ளைகள் இல்லை. இருந்தது ஒரு கேக்தான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், வெண்ணெய், சர்க்கரை, முட்டை, மைதா எல்லாம் போட்டு இருவரும் ஒன்றாக மாவு கலப்பார்கள். பள்ளிக்கூடத்தில் கழித்துவிட்ட தராசு ஒன்று வீட்டில் இருந்தது. அதில் வைத்து, ஒரு சொட்டு இப்படி அப்படிப் போகாமல், சரிபாதியாகப் பிரிப்பார்கள். அதோடு சமாதானம் முடிந்தது. அவர் பாதியில் கோக்கோவும் உடைத்த சாக்லேட் கட்டிகளும். அண்ணி பாதியில் ஆரஞ்சு. ஒருவர் கிண்ணத்தில் ஒருவர் மூக்கை நுழைக்கக்கூடாது. பிறகு இரண்டையும் ஒரே நீள டின்னில் மாற்றி மாற்றி ஊற்றி, கத்தியால் ஒரு சுழி சுழித்து, ஓவனுக்குள் தள்ளுவார்கள். வெட்டினால் கறுப்பும் மஞ்சளும் ஒன்றையொன்று கட்டிப் புரண்ட மாதிரி இருக்கும். தெருவில் பாதிப்பேர் அதைத் தின்றுவிட்டு, எந்தப் பாதி நன்றாக இருந்தது என்று சீட்டெழுதி ஓட்டுப் போட வேண்டும். கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரர்தான் தேர்தல் அதிகாரி. மாத்திரை எண்ணுகிற தட்டில் சீட்டுகளைக் கொட்டி எண்ணி, தொண்டையைச் செருமி முடிவு சொல்வார்.

பெரும்பாலும் அண்ணன்தான் ஜெயிப்பார். ஜெயித்த ஞாயிறுகளில் தெருமுனை வரைக்கும் நடந்துபோய், யாரும் கேட்காமலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டு வருவார்.

அந்த வெற்றியின் ரகசியம் நேற்றுச் சாயங்காலம் ஐந்து மணிவரை இந்த உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும் என்று டிக்கெட்டு நம்பிக்கொண்டிருந்தாள்.

“கதவைச் சாத்து,” என்றார் அண்ணன், நேற்று.

“காத்து வரட்டும்ணே.”

“காத்தோட சேர்ந்து உங்க அண்ணியும் வருவா. சாத்துடி.”

சாத்தினாள். தலையணையில் அண்ணன் முகம் பாதியாகியிருந்தது. காது மட்டும் பழைய அளவில் இருந்தது. டாக்டர், “இன்னும் ஒண்ணு ரெண்டு நாள்,” என்று கூடத்தில் நின்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்தக் காதுக்கு அது விழாமல் இருக்குமா?

“நான் டிக்கெட் வாங்கப்போறேன். நல்லவேளை, கவுன்ட்டர்ல தங்கச்சி. வரிசையில நிக்க வேண்டாம்.”

“கவுன்ட்டர் மூடியாச்சு. நாளைக்கு வாங்க.”

“டாக்டரும் அதைத்தான் சொல்றாரு.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. கரண்டியால் தண்ணீர் கொடுத்து வாயைத் துடைத்துவிட்டாள்.

“கேளு. நான் போனதும் வர்றவங்க சும்மா வந்து மூக்கைச் சிந்திட்டுப் போகக்கூடாதாம். கேக் கொடுப்பேன்னு உங்க அண்ணி சொல்லிட்டா. சரி, நல்ல விஷயம். ஆனா போட்டின்னா போட்டிதான். என் பாதியை நீதான் கலக்கணும்.”

“நானா? நான் சுடுதண்ணி வச்சாலே அடிப்பிடிக்கும்ணே. ஆயுசு பூரா கேன்டீன் பன்னு தின்னு வளர்ந்தவ.”

“ஸ்டியரிங் எந்தப் பக்கம்னு தெரியாதவனையெல்லாம் நான் மெயின் ரோட்டுல விட்டிருக்கேன். நீ எம்மாத்திரம்? கோக்கோ அஞ்சு ஸ்பூன், வெதுவெதுப்பான பால்ல குழைச்சுக்கோ. சாக்லேட்டை நெல்லிக்காய் அளவுக்கு உடைச்சுக்கோ, பொடியாக்கிடாதே. அது எல்லாரும் செய்வாங்க. விஷயம் அது இல்ல.” குரலைத் தாழ்த்தினார். தாழ்த்த அதில் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. “என் பாதி ஏன் ஜெயிக்குதுன்னு நினைக்கிற?”

“சாக்லேட்டுன்னா யாருக்குண்ணே கசக்கும்?”

“வெறும் கோக்கோ மண்ணுடி. மண்ணு. அவ கிண்ணத்துலேருந்து ரெண்டு கரண்டி எடுத்து என் கிண்ணத்துல போட்டுக்குவேன். வாயில போட்டா என்னன்னே தெரியாது, ஆனா ஆளுக்கு முகம் மலரும்.”

“அடப்பாவி அண்ணா!”

“கத்தாதே.”

“எத்தனை வருஷமா?”

“கல்யாணம் ஆன வருஷத்துலேருந்து. கலக்கி முடிச்சதும் ஓவன்ல சூடு வந்துடுச்சான்னு பார்க்கத் திரும்புவா. குனிஞ்சு பார்ப்பா. பத்து எண்ணலாம். அந்தப் பத்துக்குள்ள வேலையை முடிச்சிடணும்.”

“ஒரு தடவைகூட மாட்டலையா?”

“மூணு கண்ணாடியையும் பார்த்து ஓட்டுறவன் எங்கயாவது மாட்டுவானா?” அந்த நிலைமையிலும் மூக்கு பெருமையில் விடைத்தது. “இந்தக் கடைசித் தடவை தோத்தேன்னு வை, ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவா.”

“யார் ஆயுசுக்குண்ணே?”

“அவ ஆயுசுக்குத்தான். சத்தியம் பண்ணு.”

பண்ணினாள். என்ன செய்வது, கூடப்பிறந்தவன்.

இன்று காலை அண்ணி கட்டிலில் உட்கார்ந்து அவருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். இடது கை முடிந்தது. வலது கையில் மூன்றாவது விரலுக்கு வந்தபோது அவர் மூச்சு விடுவதை நிறுத்திக்கொண்டார். அண்ணி மிச்சமிருந்த இரண்டு விரலையும் வெட்டி முடித்து, நகத்துணுக்குகளைக் காகிதத்தில் மடித்த பிறகுதான் டிக்கெட்டைக் கூப்பிட்டாள். டாக்டர் வந்து சான்றிதழ் எழுதியபோது, அந்தக் கைகளைப் பார்த்துவிட்டு ஒரு நிமிஷம் பேனாவை மூடாமல் வைத்திருந்தார்.

எட்டரைக்கு அண்ணி, “ஆரஞ்சு மூணு வேணும். தோல் மெலிசா இருக்கக்கூடாது, பார்த்து வாங்கு,” என்று பையைக் கொடுத்து அனுப்பினாள்.

பையோடு படியிறங்கியவளை எதிர்வீட்டம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். தெருவில் ஒரு பூனை குட்டி போட்டாலும் பூனைக்கு முன்னால் இவளுக்குத் தெரிந்துவிடும். “கேக் பண்றாங்களாமே? இன்னைக்கா? அடக்கடவுளே, அதிர்ச்சியில மூளை கலங்கிப்போச்சா உங்க அண்ணிக்கு? மனுஷன் கிடக்குறாரு, அடுப்புல கேக்கா?” என்று கன்னத்தில் கை வைத்தாள். வைத்த கையை எடுக்காமலேயே, “எத்தனை மணிக்கு வேகும்?” என்றும் கேட்டுக்கொண்டாள்.

ஆக, எல்லாம் திட்டப்படி வந்துவிட்டது. மாவு கலந்தாயிற்று. தராசில் வைத்துப் பிரித்தாயிற்று. ஓவனை மூட்டியாயிற்று. அண்ணி ஒருத்திதான் திட்டத்தில் சேரவில்லை. அவள் திரும்பவே இல்லை.

மேசையோடு மேசையாக நின்று, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டவள்போல, ஆரஞ்சு மாவையே பார்த்தபடி கலக்கிக்கொண்டிருந்தாள். எப்போதோ கலந்து முடிந்த மாவு. இதற்குமேல் கலக்கினால் அது ரப்பராகும் என்று அவளே ஆயிரம் தடவை ஊருக்குச் சொல்லியிருக்கிறாள். டிக்கெட்டு ஓவனைப் பார்த்தாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“அண்ணி, வாசல்ல யாரோ வந்த மாதிரி இருக்கு.”

“போய்ப் பாரு.”

போய்ப் பார்த்தாள். யாரும் இல்லை. எப்படி இருப்பார்கள்? திரும்பி வந்து ஒன்றிரண்டு சுற்றுக் கலக்கினாள்.

“அண்ணி, முகம் வாடிப்போயிருக்கு. கொஞ்சம் அந்த நாற்காலியில போய் உக்காருங்களேன்.”

“நின்னாத்தான் எனக்கு நல்லாருக்கு.”

“ஃபோன் அடிக்குதோ?”

“உன் காதுல ஏதோ அடிக்குது. கலக்கு.”

ஓவனில் சிவப்பு விளக்கு டிக்கென்று அணைந்தது. சூடு வந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தார்கள். நிமிர்ந்து நின்ற இடத்திலிருந்தே பார்த்தாயிற்று. இனிக் குனிந்து பார்க்க என்ன இருக்கிறது? மாவை டின்னில் ஊற்ற வேண்டிய நேரம். பக்கத்து அறையில் அவர் கண்ணை மூடிக்கொண்டு, காதை மட்டும் இந்தப் பக்கம் தீட்டிவைத்திருப்பதாகவே அவளுக்குத் தோன்றியது. சத்தியம் பண்ணிய வாய் உலர்ந்தது. அந்தப் பதற்றத்தில்தான் வாயிலிருந்து அது விழுந்தது.

“அண்ணி, அண்ணன் கூப்பிடறாரு.”

பத்து நாளாக இந்த வீட்டில் இந்த ஒரு பேச்சுக்குத்தான் அண்ணி கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். குளித்துக்கொண்டிருந்தாலும் சரி, பாதிச் சோற்றில் இருந்தாலும் சரி. கால் பழக்கத்தில் இப்போதும் கிளம்பிவிட்டது. அரை அடி வைத்துவிட்டாள். வைத்த அடி அப்படியே நின்றது.

குழாயில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொரு சொட்டு விழுந்தது. டிக்கெட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்று பார்த்தாள். அதற்கான அறிகுறி எதுவும் தரையில் தெரியவில்லை.

“நான் போனது போதும்,” என்றாள் அண்ணி கடைசியில். “இனி அவர் வேணும்னா எழுந்து வரட்டும்.”

முதலில் சிரித்தது யார் என்று சொல்ல முடியாது. டிக்கெட்டு சிரிப்பை அடக்கப்போய் மூக்கால் வந்துவிட்டது. அண்ணி மேசையைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கூடத்தில் சான்றிதழை நகல் எடுத்துக்கொண்டுவந்து உட்கார்ந்திருந்த மருந்துக்கடைக்காரர், அழுகிறார்கள் என்று எண்ணி எட்டிப் பார்த்தார். பார்த்ததும் வந்த சுவடு தெரியாமல் பின்வாங்கினார்.

“சரி, உன் மாவு எப்படி இருக்கு?” கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணி கேட்டாள்.

டிக்கெட்டு விரலால் தொட்டு வாயில் வைத்தாள். மண். அண்ணன் சொன்னது சத்தியம்.

“பிரமாதம் அண்ணி.”

“பொய் சொல்றப்ப உங்க ரெண்டு பேருக்கும் மூக்கு ஒரே மாதிரி விடைக்குது.”

அதன்பிறகு அண்ணி ஒரு காரியம் செய்தாள். தன் கிண்ணத்தை மேசைக்கு நடுவில் தள்ளிவைத்தாள். யோசித்துப் பார்த்துவிட்டு இன்னும் நாலு விரல்கடை இந்தப் பக்கமாகத் தள்ளினாள். கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள்.

“ஓவன்ல சூடு வந்துடுச்சான்னு பார்க்கணும்,” என்றாள்.

திரும்பினாள். ஓவன் கதவைத் திறந்தாள். முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து, ஒன்றுமே இல்லாத ஓவனுக்குள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டிக்கெட்டுக்கு ஒன்று, இரண்டு எண்ணவே மறந்துபோனது. பிறகு மூன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள். கரண்டியை எடுத்தாள். ஒரு கரண்டி மஞ்சள் மாவு கறுப்பில் விழுந்தது. இரண்டாவது எடுக்கும்போது கரண்டி கிண்ணத்தின் விளிம்பில் மோதி, கோயில் மணி மாதிரி டங்கென்று ஒரு சத்தம் போட்டது. செத்தோம் என்று நினைத்தாள். அண்ணியின் முதுகு அசையவில்லை.

எட்டு, ஒன்பது, பத்து. கலக்கி முடித்துக் கரண்டியைப் பைக்குள் போட்டாயிற்று. இருபது. அண்ணி குனிந்தபடியே இருந்தாள். முப்பது. ஓவனின் சூடு சமையலறை முழுக்கப் பரவி, ஜன்னல் கண்ணாடியில் மெல்லிய ஆவி படிந்தது.

“அண்ணி, சூடெல்லாம் வெளியே போகுது.”

“ம்.”

இன்னும் சற்று நேரம் கழித்துக் கதவைச் சாத்திவிட்டு நிமிர்ந்தாள். முகம் சிவந்திருந்தது.

“சரியான சூடு,” என்றாள்.

“ஆமாம் அண்ணி,” என்றாள் டிக்கெட்டு.

ஆரஞ்சு மாவில் கரண்டி போன இடத்தில் இரண்டு பள்ளம் தெரிந்தது. இதை எப்படி மறந்தோம் என்று டிக்கெட்டு தன்னையே திட்டிக்கொண்டாள். அண்ணி கிண்ணத்தை இழுத்துக்கொண்டாள். கண்ணால்கூடப் பார்க்காமல், கரண்டியின் முதுகால் ஒரு இழுப்பு இழுத்தாள். பள்ளம் இரண்டும் ஒரே இழுப்பில் மறைந்தன. அப்படி ஓர் இழுப்பு ஒரு நாளில் கைக்கு வந்துவிடாது.

டின்னில் ஊற்றினார்கள். மஞ்சள் ஒரு கரண்டி, கறுப்பு ஒரு கரண்டி. கடைசியில் யார் கத்தியால் சுழிப்பது என்று கேள்வி வந்தது.

“நீ சுழி. அது அவர் வேலை.”

“எத்தனை தடவை?”

“ரெண்டு. மூணாவது சுழிச்சா எல்லாம் ஒண்ணாக் கலந்து காக்கிக் கலர் ஆயிடும். அப்புறம் யாரு எவருன்னே தெரியாது.”

ஒரு மணிக்கு டின் உள்ளே போயிற்று. அண்ணி முகம் கழுவி, சேலை மாற்றிக்கொண்டு, கணவரின் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

கூட்டம் வரத் தொடங்கியது. வாசலில் செருப்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. பழைய மாணவர்கள் சிலர் வந்தார்கள். ரிவர்ஸ் எடுக்கையில் மாஸ்டர் தங்கள் தலையில் எத்தனை முறை குட்டினார் என்று ஒருவருக்கொருவர் சொல்லி, அதிகம் வாங்கியவன் மற்றவர்களைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்த்தான். கறுப்பும் வெள்ளையுமாக உடுத்தி, முகத்தைத் தக்கபடி தொங்கவிட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தவர்களை, ஒன்றரை மணி வாக்கில், சமையலறையிலிருந்து கிளம்பிய வாசனை எதிர்கொண்டது. வெண்ணெயும் ஆரஞ்சும் சாக்லேட்டும் சேர்ந்து சூடாகும் வாசனை. மூக்கைச் சிந்த வந்தவர்கள் மூக்கை உறிஞ்சத் தொடங்கினார்கள். எதிர்வீட்டம்மா பாதி ஒப்பாரியில் நிறுத்தி, “இந்தத் தடவை ஆரஞ்சு தூக்கலா இருக்கோ?” என்று பக்கத்தில் இருந்தவரிடம் விசாரித்தாள். மருந்துக்கடைக்காரர் மாத்திரைத் தட்டையும், ஒரே அளவில் வெட்டிய காகிதச் சீட்டுகளையும் கொண்டுவந்து அலமாரிமேல் வைத்திருந்தார். துக்க வீட்டில் அதை எப்போது எடுப்பது முறை என்று தெரியாமல், அதன்மேல் தன் கைக்குட்டையைப் போட்டு மூடியிருந்தார்.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கேக் வெளியே வந்தது. நடுவில் மேடு கட்டி, நீளவாக்கில் ஒரு வெடிப்பு விட்டு, அதன் வழியே கறுப்பும் மஞ்சளும் எட்டிப் பார்க்க, பார்ப்பதற்கே ஜம்மென்று இருந்தது. டிக்கெட்டு தன் வாழ்நாளில் உருவாக்கிய முதல் தின்பண்டத்தைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். இனி ஒரு மணி நேரம் ஆற வேண்டும். ஆறாமல் வெட்டினால் கொலைக் குற்றம் என்பது இந்த வீட்டுச் சட்டம்.

இரண்டு மணிக்கு வண்டி வந்துவிட்டது.

“மூணு மணின்னு சொன்னாங்களே?” என்று மருந்துக்கடைக்காரர் வாசலில் வண்டிக்காரனை மறித்தார்.

“நாலு மணிக்கு வேற ஒருத்தரும் என்னை நம்பிக் காத்துட்டிருக்காரு சார். அவரு ஒண்ணும் அவசரப்பட மாட்டாரு, வீட்டுக்காரங்கதான் ஃபோன் மேல ஃபோன்.” கொழுகொழுவென்று, வேர்த்து விறுவிறுத்து இருந்தான். உள்ளே வந்தவன் கட்டிலைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான். “ஐயோ, மாஸ்டரா? என்னை மூணு தடவை ஃபெயில் ஆக்கினவராச்சே! நாலாவது தடவை, போய்த் தொலை, நிதானமா ஓட்டுன்னு சொல்லித்தான் அனுப்பிவச்சாரு.”

“நிதானமா ஓட்டுறியா?” என்று அண்ணி கேட்டாள்.

“என் வண்டியில ஏறுறவங்க யாரும் இதுவரைக்கும் குறை சொன்னதில்லைங்க.”

அறையில் ஒரு சிரிப்பு பொங்கி, வாயைப் பொத்தி அடங்கியது. வண்டிக்காரனும் உதவியாளும் பளபளவென்று வெள்ளை வார்னிஷ் அடித்த பெட்டியை உள்ளே கொண்டுவந்தார்கள். அண்ணனை அதில் கிடத்தி, டையை நேராக்கினார்கள். மூடியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வண்டிக்காரன் காகிதங்களில் கையெழுத்து வாங்கத் தொடங்கினான். டிக்கெட்டுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சத்தியம் பண்ணி, திருடி, கலக்கி, சுழித்து, கடைசியில் கேக் டின்னிலேயே கிடக்க மனுஷன் கிளம்பிவிடப் போகிறார்.

“அண்ணி, கேக்கு...”

அண்ணி எழுந்தாள். சமையலறைக்குப் போனாள். டின்னைக் கவிழ்த்து, கொதிக்கக் கொதிக்க, கத்தியை இறக்கினாள். கூடம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டது. லேப் மேடம் ஆறாத கேக்கை வெட்டுகிறாள்! எதிர்வீட்டம்மா நெஞ்சில் கை வைத்தாள். காலையில் சாவுச் செய்தி கேட்டபோதுகூட அவள் அப்படி வைக்கவில்லை.

துண்டுகள் துண்டுகளாக வரவில்லை. உதிர்ந்தன, சரிந்தன, ஆவி பறந்தது. நெல்லிக்காய் அளவுச் சாக்லேட் கட்டிகள் உருகி ஒழுகின. தட்டுக்கும் கரண்டிக்கும் நேரமில்லை. அண்ணி அள்ளி அள்ளிக் கையில் கொடுத்தாள். பிரேக் மாஸ்டரின் கடைசி வழியனுப்புதலுக்கு வந்த முப்பது பேர் பெட்டியைச் சுற்றி நின்று, ஊ ஊ என்று ஊதி ஊதி, இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றி மாற்றி, நாக்கைச் சுட்டுக்கொண்டு தின்றார்கள்.

“அம்மாடி!” என்றார் மருந்துக்கடைக்காரர் வாய் நிறைய. அதற்குமேல் தேர்தல் அதிகாரி கருத்துச் சொல்லக்கூடாது.

“மாஸ்டர் கைப்பக்குவம் அப்படியே இருக்கே. யாரு பண்ணினது இந்தக் கறுப்பை?” என்றாள் எதிர்வீட்டம்மா.

டிக்கெட்டு வாயைத் திறக்கவில்லை. வாயில் கேக் இருந்தது. மண் எங்கே போயிற்று என்று நாக்கு தேடிக்கொண்டிருந்தது. எங்கேயோ பின்னால், சொல்லத் தெரியாத ஒரு மூலையில், ஒரு வெளிச்சம்.

வண்டிக்காரன் மூன்று துண்டு தின்றான். நாலாவதைக் கையில் வைத்துக்கொண்டு, “நேரமாச்சுங்க,” என்றான் பரிதாபமாக.

மருந்துக்கடைக்காரர் கைக்குட்டையை எடுத்துவிட்டுச் சீட்டுகளைத் தூக்கிக் காட்டினார். “மேடம், ஓட்டு?”

அண்ணி சீட்டுகளைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். “அதுக்கெல்லாம் இப்ப நேரமில்ல,” என்றாள். “கிளம்பட்டும்.”

டிக்கெட்டுக்குத் தொண்டையில் துண்டு நின்றுவிட்டது. ஓட்டு இல்லையென்றால் வெற்றி எங்கே? பண்ணிய சத்தியம் பாதியில் நிற்கிறது. ‘என்னடி இது’ என்று அண்ணன் கேட்பதுபோல இருந்தது. அவரோ டையும் சட்டையுமாக, வெட்டிய பத்து நகங்களோடு, ரொம்ப சமர்த்தாகப் படுத்திருந்தார். அண்ணி அருகே போய், அவர் சட்டைக் காலரில் விழுந்திருந்த ஒரு துணுக்கை விரல் நுனியால் ஒற்றி எடுத்து, தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

நாலைந்து பேர் சேர்ந்து மூடியைத் தூக்கிப் பொருத்தினார்கள். வண்டிக்காரன் திருகாணிகளை முடுக்கினான். பழைய மாணவர்கள் வரிசையாக வந்து மூடியைத் தொட்டுக் கும்பிட்டு ஒதுங்கினார்கள். எதிர்வீட்டம்மா இரண்டு கையையும் அகல விரித்துப் பெட்டிமேல் சாய்ந்து ஒரு மூச்சு நன்றாகவே அழுதாள். அது நிஜ அழுகைதான். மருந்துக்கடைக்காரர் ஓரத்தில் மெல்ல இரண்டு தட்டுத் தட்டினார், தோளில் தட்டுவதுபோல.

எல்லோரும் விலகியபோதுதான் மூடி கண்ணில் பட்டது.

“அய்யய்யோ,” என்றான் வண்டிக்காரன், தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு.

அண்ணி சமையலறைக்குள் போய் ஈரத்துணியோடு வந்தாள். கூட்டம் வழிவிட்டது. அவள் பெட்டிக்குமேல் குனிந்தாள். வெள்ளை வார்னிஷில் நெடுக விரல் தடங்கள். கட்டைவிரல், சுண்டுவிரல், ஓர் அகல உள்ளங்கை முழுசாக, ஓரத்தில் இரண்டு சின்னத் தட்டல். அத்தனையும் சாக்லேட் கறுப்பு. தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். கால்மாட்டில் நின்றிருந்த டிக்கெட்டும் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். மஞ்சளுக்கு ஒன்றுகூட விழவில்லை.

அண்ணி துணியை இரண்டாக மடித்தாள், பிறகு நாலாக. அதைக் கைக்குள் வைத்துக்கொண்டு ஓர் எட்டுப் பின்னால் நகர்ந்து நின்று, வண்டிக்காரனைப் பார்த்துத் தலையசைத்தாள்.

“தூக்குங்க.”